டிரெய்லர் பூட்டுக்கு யார் பணம் கொடுக்க வேண்டும்? அமெரிக்க டிரக் ஓட்டுநர்களுக்கான கேள்வி–பதில்

அமெரிக்காவில் பல போக்குவரத்து நிறுவனங்கள் கிங்பின் பூட்டு, காற்றுக்குழாய்ப் பூட்டு, பின்கதவுப் பூட்டு ஆகியவை கையில் இல்லாமல் டிரெய்லரை எடுக்கவே கூடாது என்று ஓட்டுநர்களிடம் கண்டிப்பாகச் சொல்கின்றன. கட்டளை நிறுவனத்துடையது, செலவு மட்டும் பெரும்பாலும் ஓட்டுநர் தலையில் விழுகிறது. அந்தச் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நீங்கள் ஊழியரா, ஒப்பந்த வண்டி உரிமையாளரா, சொந்தப் போக்குவரத்து நிறுவன உரிமத்தில் ஓடுபவரா என்பதைப் பொறுத்து விடை மாறும். கீழே உள்ளவை பொதுவான விளக்கங்களே. தொகை பெரிதாக இருந்தால் உங்கள் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

டிரெய்லர் பாதுகாப்புக் கருவி என்றால் எவையெவை?

வழக்கமாகக் கேட்கப்படுபவை மூன்று. முதலாவது கிங்பின் பூட்டு. வண்டியிலிருந்து கழற்றி நிறுத்திய டிரெய்லரின் அடியில், ஃபிஃப்த் வீல் எனப்படும் வண்டியின் இணைப்புத் தட்டில் மாட்டுகிற அந்தத் தடித்த இரும்பு முளையின் மேல் இதைக் கவிழ்த்துப் பூட்டிவிட்டால், வேறு எந்த வண்டியும் பின்னால் வந்து அந்த டிரெய்லரைக் கோத்து இழுத்துச் செல்ல முடியாது. டிரெய்லர் வண்டியோடு இணைந்திருக்கும்போது இதற்கு வேலை இல்லை. இரண்டாவது, கிளாட்ஹேண்ட் எனப்படும் காற்றுக்குழாய் இணைப்பின் மேல் போடும் பூட்டு. சிவப்பு நிறக் குழாய் வழியாகக் காற்று போகாவிட்டால் டிரெய்லரின் ஸ்பிரிங் பிரேக் விடுபடாது, வண்டி நகராது. மூன்றாவது, பின்கதவுத் தாழ்ப்பாளில் போடும் கனமான பூட்டு. இவற்றோடு சில நிறுவனங்கள் ஜிபிஎஸ் கருவி, லேண்டிங் கியர் (டிரெய்லரைத் தாங்கி நிறுத்தும் முன்கால்கள்) பூட்டு ஆகியவற்றையும் கேட்கின்றன. விலை சில பத்து டாலரில் தொடங்கி, கருவியின் தரத்தைப் பொறுத்துச் சில நூறு டாலர் வரை போகும்.

சரக்கு ஆடாமல் இருக்கக் குறுக்கே கொடுக்கும் லோட் பாரையும் கட்டும் பட்டைகளையும் பலர் இதே பட்டியலில் சேர்த்துப் பேசுகிறார்கள். அவை திருட்டைத் தடுப்பவை அல்ல. அவற்றுக்கான விதிகளும் வேறு. ஆனால் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பூட்டுப் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறதா?

சாதாரணச் சரக்கு ஏற்றிய டிரெய்லருக்குக் கிங்பின் பூட்டோ கதவுப் பூட்டோ போட்டே தீர வேண்டும் என்று கூட்டாட்சி விதி எதுவும் இல்லை. சரக்கை நகராமல் கட்டுவதற்கு 49 சிஎஃப்ஆர் (சிஎஃப்ஆர் என்பது கூட்டாட்சி விதிகளின் தொகுப்பு) 393ஆம் பகுதியில் விரிவான விதிகள் உண்டு. ஆனால் அது சாலைப் பாதுகாப்பு சார்ந்தது. அபாயகரமான பொருள்களில் குறிப்பிட்ட வகைகளை ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் 172ஆம் பகுதியின்படி எழுத்துப்பூர்வமான பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்தை வகுப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

ஆகவே, “இது சட்டம், நீங்கள்தான் வாங்க வேண்டும்” என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது நிறுவனத்தின் சரக்குக் காப்பீட்டு நிபந்தனையாகவோ, சரக்கு அனுப்புபவரோடு நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தமாகவோ, நிறுவனத்தின் சொந்தக் கொள்கையாகவோ இருக்கும். ஆளில்லாமல் நிறுத்திய டிரெய்லரைப் பூட்டாமல் விட்டிருந்தால் இழப்பீடு தர மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் எழுதுவது உண்டு. அந்த நிபந்தனையை வைப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது நிறுவனத்தின் தொழில் செலவு என்று வாதிட உங்களுக்கு இடம் கொடுக்கிறது.

நான் டபிள்யூ-2 படிவம் (முதலாளி ஆண்டுதோறும் தரும் சம்பளச் சான்று) பெறும் ஊழியர். நிறுவனம் என் சம்பளத்தில் பூட்டுக்கான விலையைப் பிடிக்கலாமா?

கூட்டாட்சிச் சட்டத்தின்படி, சில வாரங்களில் பிடிக்கலாம், சில வாரங்களில் பிடிக்கக் கூடாது. நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தின் கீழ் வந்த 29 சிஎஃப்ஆர் 531.35 விதி, குறைந்தபட்ச ஊதியம் ஊழியர் கைக்கு முழுமையாக, எந்தப் பிடித்தமும் இன்றி வந்து சேர வேண்டும் என்கிறது. நிறுவனத்தின் வேலைக்குத் தேவைப்படும் கருவியை ஊழியரே வாங்கும்படி செய்து, அந்தச் செலவால் அந்த வாரத்தின் ஊதியம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கினால் அது விதிமீறல். பணத்தைச் சம்பளத்தில் பிடித்தார்களா, அல்லது கடையில் போய் நீங்களே வாங்கினீர்களா என்பதில் வேறுபாடு இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். ஒரு வாரத்தில் 60 மணி நேரம் பணியில் இருந்தால் குறைந்தது 435 டாலர் வர வேண்டும். மைல் கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவர், வண்டி பழுதாகி, சரக்குக்குக் காத்துக் கிடந்து, 460 டாலர் மட்டுமே ஈட்டிய வாரத்தில் 90 டாலர் பூட்டுக்குப் பிடித்தால் 370தான் மிஞ்சும், அது தவறு. அதே ஓட்டுநர் 1,300 டாலர் ஈட்டிய வாரத்தில் அதே 90 டாலரைப் பிடித்தால் கூட்டாட்சிச் சட்டம் வாய் திறக்காது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஓட்டுநர்களுக்கு மிகைநேர ஊதியத்தில்தான் விலக்கு இருக்கிறது, குறைந்தபட்ச ஊதியத்தில் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவன அலுவலகங்களிலேயே இந்த இரண்டையும் குழப்பிப் பேசுவதுண்டு.

நல்ல வாரத்தில் ஊழியருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையா?

மாநிலச் சட்டத்தில் இருக்கலாம். கூட்டாட்சிச் சட்டத்தை விட அதுவே பெரும்பாலும் வலுவானது. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2802ஆம் பிரிவு, பணியின் நேரடி விளைவாக ஊழியர் செய்யும் தேவையான செலவுகள் அனைத்தையும் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், 2804ஆம் பிரிவின்படி அந்தக் கையெழுத்து செல்லாது. இல்லினாய் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் இதே போன்ற விதி நடைமுறையில் உள்ளது. ஆனால் அங்கே செலவு செய்த 30 நாள்களுக்குள் ரசீதோடு கேட்க வேண்டும். ரசீது தொலைந்துவிட்டால் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம் கொடுக்கலாம். டிரக் ஸ்டாப்பில் பூட்டு வாங்கியவுடன் ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது. வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது, வண்டியின் டாஷ்போர்டில் ஒரு கோடைக்காலம் கிடந்தால் வெள்ளைக் காகிதமாகிவிடும்.

எல்லா மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் இல்லை. பல மாநிலங்களில் ஓடும் ஓட்டுநருக்கு எந்த மாநிலத்தின் சட்டம் பொருந்தும் என்பதே தனி வழக்காக மாறக்கூடியது. உங்கள் பணியின் தளம் எங்கே இருக்கிறது, வண்டியை எங்கிருந்து எடுக்கிறீர்கள், எங்கே அதிக நேரம் வேலை செய்கிறீர்கள் என்பவை அதில் முக்கியமாகும்.

நான் ஓனர் ஆபரேட்டர். என் வண்டியை ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறேன். எனக்கு என்ன விதி?

உங்களுக்கான முக்கியமான விதி 49 சிஎஃப்ஆர் 376.12. வண்டி உரிமையாளர்கள் ஏமாற்றப்படுவதைத் தடுக்க 1979இல் அன்றைய மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம் கொண்டுவந்த ஒப்பந்த வெளிப்படைத்தன்மை விதிகளின் தொடர்ச்சி இது. அந்த ஆணையம் 1995 இறுதியில் கலைக்கப்பட்டது; விதிகள் கலையவில்லை.

இந்த விதி, இன்ன செலவை நிறுவனம்தான் ஏற்க வேண்டும் என்று சொல்வதில்லை. பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எரிபொருள், சுங்கம், அனுமதிச் சீட்டு போன்ற செலவுகளை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆகவே “பூட்டுகளை வண்டி உரிமையாளரே தம் செலவில் வைத்திருக்க வேண்டும்” என்று ஒப்பந்தத்தில் எழுதி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நிபந்தனை மட்டும் விதிமீறல் ஆகாது. எங்கே வாங்குவது என்ற இடத்தில்தான் விதி குறுக்கிடுகிறது.

“எங்களிடமே வாங்க வேண்டும்” என்று நிறுவனம் சொன்னால்?

அது கூடாது. 376.12 விதியின் ‘ஐ’ உட்பிரிவின்படி, ஒப்பந்தத்தில் சேர்வதற்கான நிபந்தனையாக நிறுவனத்திடமிருந்து எந்தப் பொருளையும், கருவியையும், சேவையையும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். இன்ன தரத்தில் ஒரு கிங்பின் பூட்டு வைத்திருங்கள் என்று கேட்பது ஒன்று. எங்கள் கிடங்கில் 140 டாலருக்கு விற்கும் பூட்டைத்தான் வாங்க வேண்டும் என்பது முற்றிலும் வேறு. எல்லாப் பூட்டுகளுக்கும் ஒரே சாவி இருந்தால்தான் யார்டில் வசதி என்று நிறுவனம் காரணம் சொல்லலாம். காரணம் உண்மையானதுதான், ஆனால் அந்த வசதி நிறுவனத்துக்கு உரியது. அப்படியானால் பூட்டை அவர்களே கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முடியும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இந்த உட்பிரிவு நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டிருக்கிறது. டிரான்ஸ்ஆம் நிறுவனம் தன் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைப் பயன்படுத்த வாரம் 15 டாலர் கட்டணத்தை ஒப்பந்த நிபந்தனையாக வைத்திருந்தது. அது இந்த விதிக்கு முரணானது என்று 10ஆவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில் இழப்பீட்டுக் கோரிக்கையில் ஓட்டுநர்கள் தோற்றார்கள். கட்டணம் சட்டவிரோதம் என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் தங்களுக்கு ஏற்பட்ட உண்மையான இழப்புக்குச் சான்று காட்டியிருக்க வேண்டும், அதை அவர்கள் செய்யவில்லை என்பது நீதிமன்றத்தின் நிலை. பூட்டு விஷயத்தில் இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: நிறுவனத்திடம் 140 டாலருக்கு வாங்கிய அதே பூட்டு வெளியே 60 டாலருக்குக் கிடைத்தது என்பதற்கான விலைப் பட்டியலை அன்றைக்கே எடுத்து வைத்திருப்பவரின் வழக்குக்கும், எதுவும் இல்லாதவரின் வழக்குக்கும் வெகுதூரம்.

நிறுவனத்திடமே வண்டியைத் தவணையில் எடுத்து, அதை அவர்களுக்கே ஒப்பந்தத்தில் ஓட்டுகிறேன். இந்த விதி எனக்கும் உண்டா?

உண்டு. வண்டியின் மேல் உங்களுக்குள்ள உரிமை முழு உரிமையா, குத்தகை உரிமையா என்பது இங்கே முக்கியமில்லை.

செட்டில்மென்ட் தாளில் (வருமானமும் பிடித்தமும் காட்டும் கணக்குத் தாள்) ‘பாதுகாப்புக் கருவி’ என்று வாரா வாரம் ஒரு தொகை பிடிக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பிடித்தம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் முதலில் செலுத்திப் பிறகு உங்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் ஒவ்வொரு இனமும், அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது 376.12 விதியின் ‘எச்’ உட்பிரிவு. அந்தக் கட்டணம் சரியானதா என்று சரிபார்க்கத் தேவையான ஆவணங்களின் நகலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். “நிர்வாகக் கட்டணங்கள்” என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டு அதற்குள் பூட்டையும் திணிப்பது இந்த விதியின் நோக்கத்துக்கே எதிரானது.

அடுத்து, பிடித்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். 120 டாலர் பூட்டுக்கு வாரம் 10 டாலர் என்றால் 12 வாரத்தில் அது நின்றிருக்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அது விற்பனையா வாடகையா என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனை என்றால் பூட்டு உங்களுடையது, போகும்போது எடுத்துச் செல்லலாம். வாடகை என்றால், நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்க நீங்கள் கட்டாயப்படுத்தப்பட்டீர்களா என்ற பழைய கேள்வி மீண்டும் வரும். விலை கொடுத்து வாங்க வைத்துவிட்டு, விலகும்போது “அது கம்பெனி சொத்து” என்று திரும்பக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. இதற்கு நாகரிகமான பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பூட்டுக்காக எஸ்க்ரோ எனப்படும் பிணை வைப்புக் கணக்கில் பணம் வைக்கச் சொல்கிறார்கள். திரும்ப வருமா?

வர வேண்டும். எந்தெந்த இனங்களுக்காக அந்த வைப்புப் பணத்திலிருந்து எடுக்கலாம் என்பது ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பூட்டு இல்லையென்றால் பூட்டுக்காக அதில் கைவைக்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் கணக்குக் கேட்கலாம். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த 45 நாள்களுக்குள் இறுதிக் கணக்கோடு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

பூட்டு இருந்தும் போட மறந்துவிட்டேன், சரக்கு திருடு போய்விட்டது. முழு இழப்பையும் என் தலையில் கட்டலாமா?

சரக்கு அனுப்பியவருக்குப் பதில் சொல்ல வேண்டியது, கார்மாக் திருத்தம் எனப்படும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, போக்குவரத்து நிறுவனம். அந்த இழப்பில் ஒரு பகுதியை, பெரும்பாலும் காப்பீட்டின் கழிவுத்தொகை (காப்பீடு ஏற்காமல் விடும் முதல் பகுதி) அளவுக்கு, ஒப்பந்தத்தின் மூலம் வண்டி உரிமையாளர் மேல் திருப்புவது நடைமுறையில் உண்டு. அப்படிப் பிடிப்பதற்கான சூழ்நிலைகள் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பணத்தைப் பிடிப்பதற்கு முன்பே எழுத்துப்பூர்வமான விளக்கமும் இனவாரியான கணக்கும் உங்களிடம் கொடுக்கப்பட வேண்டும். செட்டில்மென்ட் தாளைப் பார்த்துத்தான் 2,500 டாலர் குறைந்ததையே தெரிந்துகொண்டீர்கள் என்றால், நிறுவனம் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டது.

இதனால் நான் பூட்டு மாட்டியவுடன் ஒரு படம் எடுக்கச் சொல்வேன். டிரெய்லர் எண்ணும் பூட்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

சீல் வாங்குவதும் ஓட்டுநர் செலவா?

வழக்கமாக இல்லை. சீல் வேறு, பூட்டு வேறு. எண் பொறித்த போல்ட் சீலை சரக்கு ஏற்றுபவரோ நிறுவனமோ கொடுத்து, அந்த எண்ணைச் சரக்குச் சீட்டில் எழுத வேண்டும். கதவு திறக்கப்பட்டதா என்பதைக் காட்டுவதுதான் அதன் முதல் வேலை. அமெரிக்கச் சுங்கத்துறை 2001 நவம்பரில் தொடங்கிய சி-டிபேட் என்ற சரக்குப் பாதுகாப்புத் திட்டத்தில் உள்ள நிறுவனங்கள், எல்லை தாண்டி வரும் சரக்கு டிரெய்லருக்கு ஐஎஸ்ஓ 17712 தரத்தில் உயர்பாதுகாப்பு சீல் போட வேண்டும். அந்தத் திட்டத்தில் சேர்ந்தது நிறுவனம். சீலுக்கான செலவும் அதற்கே உரியது.

ஓட்டுநரின் கடமை சரிபார்ப்பது. சீலையும் தாழ்ப்பாளையும் கண்ணால் பார்த்து, எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டு, கையால் இழுத்து, பிறகு திருகிப் பார்ப்பது நான்கு படிகளாகச் சொல்லித்தரப்படுகிறது. திருகும் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மரையுள்ள போலி சீல் அங்கேதான் கழன்று வரும். எண் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும், குறிப்பாக உணவுப் பொருளாக இருந்தால், இறக்குமிடத்தில் முழுச் சரக்கையும் மறுத்துவிட வாய்ப்புண்டு.

எனக்குச் சொந்த இயக்க உரிமம் இருக்கிறது. சரக்குத் தரகர் பூட்டு கேட்கிறார்.

அப்படியானால் போக்குவரத்து நிறுவனமே நீங்கள்தான். 376.12 உங்களுக்குத் துணைக்கு வராது. பூட்டு உங்கள் தொழில் செலவு. வாடகை உறுதிச் சீட்டில் எந்த வகைப் பூட்டு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு விலை பேசுங்கள். அவர்களுடைய டிரெய்லரை உங்கள் வண்டி மட்டும் இழுத்துச் செல்லும் பவர் ஒன்லி வேலையாக இருந்தால், டிரெய்லரோடு பூட்டும் வருகிறதா என்று முன்கூட்டியே கேட்பது நியாயமான கேள்விதான்.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா?

சுயதொழில் செய்பவர் அட்டவணை ‘சி’யில் தொழில் செலவாகக் காட்டலாம். டபிள்யூ-2 ஊழியர் கூட்டாட்சி வரியில் காட்ட முடியாது. ஈடுசெய்யப்படாத பணிச் செலவுக்கான கழிவு 2018 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. 2025இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. ஆகவே “வரியில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஊழியரிடம் சொல்லும் மேலாளர் பல ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறார். ரசீது கொடுத்து, முறையான செலவு ஈட்டுத் திட்டத்தின் வழியாக நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது உங்கள் வருமானமாகக் கருதப்படாது.

கனடிய நிறுவனத்தின் ஊழியராக அமெரிக்காவுக்கு ஓடுகிறேன். எனக்கு?

மாகாண எல்லையையோ நாட்டின் எல்லையையோ தாண்டும் டிரக் நிறுவனங்களின் ஊழியர்கள் கனடாவின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். நியாயமான பணிச் செலவுகளை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 9 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. ஊழியர் கோரிக்கை கொடுத்ததிலிருந்து பொதுவாக 30 நாள்களுக்குள் பணம் வர வேண்டும். முதலாளி கட்டாயமாக்கிய பூட்டு பணிச் செலவு இல்லை என்று வாதிடுவது கடினம்.

தவறாகப் பிடித்த பணத்தை எங்கே போய்க் கேட்பது?

முதலில் நிறுவனத்திடம், எழுத்தில். டிஸ்பாட்ச்சரிடம் தொலைபேசியில் சொன்னது எங்கும் பதிவாகாது. எந்தத் தேதியின் செட்டில்மென்ட், எந்த வரி, எவ்வளவு தொகை, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்று நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதினால் பல சிறு தொகைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

ஊழியர்கள் குறைந்தபட்ச ஊதிய மீறலுக்குத் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள், வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமை கோர வேண்டும். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். மாநிலச் சட்டத்தின் கீழ் கேட்பதென்றால் மாநிலத் தொழிலாளர் அலுவலகம்.

ஒப்பந்த வண்டி உரிமையாளர்களுக்கு 49 யுஎஸ்சி (அமெரிக்கச் சட்டத் தொகுப்பு) 14704ஆம் பிரிவு நேரடியாக நீதிமன்றம் செல்லும் உரிமையைத் தருகிறது. நியாயமான வழக்கறிஞர் கட்டணம் வழங்கவும் அதில் இடம் உண்டு. ஒருவருடைய 90 டாலருக்காக வழக்குப் போடுவது கட்டுப்படியாகாது. அதனால்தான் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஒரே ஒப்பந்தத்தில் உள்ள பல ஓட்டுநர்கள் சேர்ந்து நடத்தும் குழு வழக்குகளாக வருகின்றன. ஒப்பந்தத்தில், நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நடுவர் மன்றப் பிரிவு இருக்கிறதே என்று உடனே பின்வாங்க வேண்டாம். நியூ பிரைம் எதிர் ஒலிவெய்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பின்படி, மாநிலங்களுக்கிடையேயான போக்குவரத்துத் தொழிலாளர்களின் ஒப்பந்தங்களுக்குக் கூட்டாட்சி நடுவர் சட்டம் பொருந்தாது. அவர்கள் ஊழியர்களா, சுயேச்சை ஒப்பந்ததாரர்களா என்பது வேறுபாடு ஆகாது. மாநில நடுவர் சட்டத்தைக் காட்டி நிறுவனம் அதே பிரிவைத் தாங்கிப்பிடிக்க முயலக்கூடும் என்பதால், அந்தப் பிரிவின் முழு வாசகத்தையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.